கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஊர்த் தொலைக்காட்சி: குமரி மாவட்டத்தில் தொடங்க என்னவெல்லாம் வேண்டும்?

கேள்வி: நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களே நடத்தும் சமூகத் தொலைக்காட்சி தொடங்க நினைக்கிறோம். வளாகத்துக்குள் மட்டுமல்லாமல் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். யாரிடம் அனுமதி வாங்குவது, என்ன கருவிகள் வேண்டும், எங்கே தவறு நடக்கும்?

பதில்:

அனுமதி விஷயத்தில்தான் பலரும் முதலில் குழம்புகிறார்கள். சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் தனி உரிமம் இருக்கிறது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அந்தக் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே போலத் தொலைக்காட்சிக்கும் ஓர் உரிமம் இருக்கும் என்று நினைத்து விண்ணப்பப் படிவம் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு வகையே இங்கே இல்லை. செயற்கைக்கோள் சேனல் என்றால் 2022 விதிகளின்படி நிறுவனமாகவோ எல்எல்பியாகவோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) பதிந்திருக்க வேண்டும். செய்தி அல்லாத முதல் சேனலுக்கே நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் காட்ட வேண்டும். மாணவர் குழுவுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். அமெரிக்காவில் 1984இல் வந்த கேபிள் சட்டம், பொதுமக்களுக்கும் கல்விக்கும் சேனல் ஒதுக்கும்படி கேபிள் நிறுவனங்களைக் கேட்க உள்ளாட்சிகளுக்கு இடம் கொடுத்தது. இங்கே கேபிள்காரருக்கு அந்தக் கடமை கிடையாது. அவரிடம் பேசித்தான் இடம் வாங்க வேண்டும்.

ஆகவே உங்கள் முன்னால் இருப்பது மூன்று வழி. வளாகத்துக்குள் கேன்டீன், நூலகம், விடுதி ஆகிய இடங்களில் ஒரு திரை வைத்து ஓட்டுவது ஒன்று. யூடியூப் போன்ற இணைய வழி இரண்டாவது. கேபிள் மூன்றாவது. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. இணையத்தில் ஒரு பருவம் தவறாமல் நடத்திக் காட்டிய பிறகு கேபிள்காரரிடம் போனால் பேச்சு எளிதாக இருக்கும்.

கேபிள் வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் சேனல்களை இப்போது 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்ற பெயரில் முறைப்படுத்தியிருக்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதலின்படி அதைப் பதிவு செய்பவர் எம்எஸ்ஓ, அதாவது பல ஆபரேட்டர்களுக்குச் சேனல்களைச் சேர்த்து அனுப்பும் பெரிய கேபிள் நிறுவனம்; உங்கள் தெருவில் வயர் இழுத்து மாதச் சந்தா வாங்குகிற ஆபரேட்டர் அல்ல. ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். திரையில் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று எழுத்து ஓட வேண்டும். ஒளிபரப்பான அனைத்தையும் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஒரு எம்எஸ்ஓவிடம் ஓடும் சேனலை அப்படியே இன்னொருவரிடமும் ஓட்ட முடியாது. உள்ளூர் செய்தி தரும் சேனல் என்றால் அதை நடத்துபவர் நிறுவனமாகப் பதிவாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்தால், மாணவர்கள் தனிச் சேனல் கேட்பதைவிட, ஏற்கெனவே ஓடும் உள்ளூர் சேனலில் வாரம் அரை மணி நேரம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதே நிகழ்ச்சி யூடியூபிலும் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் சண்டையாகும்.

இணையத்தில் மட்டும் நடத்தினாலும் செய்தி, நடப்பு அரசியல் என்று தொடர்ந்து போட்டால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களைத் தொடும். குறைதீர் அலுவலர் ஒருவரைப் பெயரோடு அறிவிக்க வேண்டும். வந்த புகாருக்கு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். செய்தி போடாவிட்டாலும் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிப்பது நல்லது.

இனி கருவிகள். பணம் வந்ததும் முதலில் கேமரா வாங்குவார்கள். அது தவறான வரிசை. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் அடுத்த நொடியே மாற்றிவிடுவார். கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குங்கள். அரங்கப் பேச்சுக்கு டைனமிக் மைக் மூன்று, எக்ஸ்எல்ஆர் வயர் (மூன்று முள் மைக் வயர்), நான்கு மைக் செருகும் சிறிய மிக்ஸர் போதும். கண்டென்சர் மைக் தெளிவாகக் கேட்கும் என்று வாங்குவார்கள். அது மின்விசிறி, ஜெனரேட்டர், பக்கத்து வகுப்புச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். டைல்ஸ் போட்ட வகுப்பறையில் குரல் எதிரொலித்துக் கூழாகிவிடும். மூன்று சுவரிலும் கனத்த ஜமுக்காளம் அல்லது பருத்திப் போர்வையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்க விடுங்கள். தரைக்கும் ஒன்று. மின்விசிறியை நிறுத்தித்தான் பதிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் விருந்தினர் தாங்க மாட்டார், ஆகவே நிகழ்ச்சியை எட்டு, பத்து நிமிடத் துண்டுகளாகத் திட்டமிடுங்கள். ஒலி அளவைப் பொறுத்தவரை, கணினியின் ஒலிமானியில் உரத்த குரல் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. பூஜ்யத்தைத் தொட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வெளியே போனால் காற்றுதான் எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மைக்கின் கறுப்பு ஸ்பான்ஜ் உறை ஒன்றுக்கும் ஆகாது. முடி முடியாக இருக்கும் ரோம உறை வேண்டும். மிக்ஸரிலோ ரெக்கார்டரிலோ தாழ்ந்த உறுமலை வெட்டும் 'லோ கட்' பொத்தானை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் போட வேண்டும். அப்போதும் முட்டம் பாறை மேலே நின்று பேட்டி எடுக்க முயலாதீர்கள். பின்னணியில் கடல் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் படம் எடுத்துக்கொண்டு, பேச்சைச் சுவரோரம், வள்ளத்தின் மறைவில், அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் பதியுங்கள்.

கோயில் கொடை, பங்குத் திருவிழா, கல்லூரி விழா இவற்றில் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து ஒலி எடுக்கலாம். அது லைன் அளவில், அதாவது மைக்கைவிடப் பல மடங்கு வலுவாக வரும். கேமராவின் மைக் துளையில் நேரே செருகினால் கரகரவென்று உடையும். கூடவே இரண்டு கருவியும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுப்பதால் 50 ஹெர்ட்ஸ் ஊளை ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (ஒலியின் வலுவைக் குறைத்து, எர்த் இணைப்பைப் பிரிக்கும் சிறு பெட்டி) வைத்தால் இரண்டும் தீரும். அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஊளையை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. உயிருக்கே ஆபத்து, யாரையும் செய்ய விடாதீர்கள்.

கேமராவில் முதல் வேலை அமைப்பைப் பார்ப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவைப் 'பால்' (PAL) முறையில், நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்), ஷட்டர் 1/50 என்று வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் 30 சட்டம், 1/60 என்றிருந்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகரும். மொபைலில் 25 இல்லையென்றால் ஷட்டரையாவது 1/50 அல்லது 1/100 என்று பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். மூன்று கேமரா இருந்தால் மூன்றிலும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஒரே எண்ணில் கையால் வையுங்கள். தானியங்கியில் விட்டால் ஒருவர் முகமே மூன்று நிறத்தில் தெரியும். வாங்குவதற்கு முன், ஹெச்டிஎம்ஐ வழியாக எழுத்து, சின்னம் எதுவும் இல்லாத சுத்தமான படம் வெளியே வருகிறதா, பேட்டரிக்குப் பதில் நேரடி மின்சாரத்தில் ஓடுமா, அரை மணிக்கு மேல் சூடாகி நிற்காமல் இருக்கிறதா என்ற மூன்றையும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

கேமராக்களை ஒன்று சேர்க்க ஏடெம் மினி போன்ற நான்கு ஹெச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட சுவிட்சர் போதும். அதன் யூஎஸ்பி வெளியீட்டைக் கணினியில் செருகினால் இலவச மென்பொருளான ஓபிஎஸ் அதை வெப்கேமராவாக எடுத்துக்கொள்ளும். ஹெச்டிஎம்ஐ வயர் 5 மீட்டர் வரை தொல்லை தராது. 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். கலையரங்கின் பின்வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் இரு முனையிலும் எஸ்டிஐ மாற்றி வைத்து எஸ்டிஐ வயர் ஓட்டுங்கள்; நல்ல வயரில் 70 மீட்டருக்கும் போகும். மைக்கை நேரே கணினிக்குக் கொடுத்தால் ஒலி முன்னாலும் படம் பின்னாலும் வரும். கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிந்து, எத்தனை சட்டம் விலகியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு சட்டத்துக்கு 40 மில்லி நொடி. அந்தத் தாமதத்தை ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்பில் எழுதினால் உதடும் சொல்லும் சேரும். பதிவை எம்கேவி வடிவத்தில் வையுங்கள். எம்பி4இல் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போகக்கூடும். எம்கேவியில் போன நொடி வரை இருக்கும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. சில மென்பொருள்களில் ‘கொடை’ என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறும். ஓபிஎஸ்ஸில் பெயர்ப் பட்டையைச் சாதாரண எழுத்துக் கருவியில் போடாமல் பிரவுசர் சோர்ஸ் வழியாகப் போட்டால் சரியாக வரும். பிரீமியர் என்ற தொகுப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர் குழுவில் இருந்தால் யுனிகோடுக்கு மாறச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடத்துக்காரர்களுக்கு அந்தக் கோப்புகள் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுத்தைத் திரையின் நான்கு ஓரத்திலிருந்தும் பத்து விழுக்காடு உள்ளே வையுங்கள். வீட்டுத் தொலைக்காட்சிகள் பலவும் ஓரத்தை வெட்டியே காட்டும்.

நேரலைக்கு 720பி அளவில் 3,000 கேபிபிஎஸ், ஒலிக்கு 128, கீஃபிரேம் 2 நொடி, சீரான பிட்ரேட். இவ்வளவு போதும். 1080பி வேண்டுமென்றால் 5,000 முதல் 6,000 வரை. அப்லோட் வேகம் இதைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குச் சோதித்துவிட்டு விடுதி மாணவர்கள் அனைவரும் இணையத்தில் இருக்கும் மாலை ஏழு மணிக்கு நேரலை போனால் நின்றுவிடும். கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டு ஸ்டுடியோவுக்குத் தனி லான் வயர் வாங்குங்கள், வைஃபை வேண்டாம். யூடியூபில் புதுக் கணக்குக்கு நேரலையை இயக்கிவிட்டு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் தொடக்க விழாவுக்கு முந்தைய இரவு கண்டுபிடிக்காதீர்கள்.

கரண்ட் கணக்கு இப்படி: கணினியும் திரையும் 230 வாட், இரண்டு எல்இடி விளக்கு 100, கேமராக்கள் 30, சுவிட்சர், மிக்ஸர், ரூட்டர் சேர்த்து 40. மொத்தம் 400 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் உபயோகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 வாட்-அவர். அதாவது இரண்டரை மணி நேரம். இன்வெர்ட்டரின் பின்புறம் 'யுபிஎஸ்' என்ற பக்கம் சுவிட்ச் இருக்க வேண்டும். சாதாரணப் பக்கம் இருந்தால் மாறும் அந்த நொடிக்குள் கணினி அணைந்து எழும்.

உப்பும் ஈரமும் இந்த மாவட்டத்தில் கருவிகளைத் தின்கின்றன. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நமக்கு மழை தருவதால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை அலமாரி காய்வதில்லை. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தால் துடைத்து எடுக்க முடியாது. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் டிரை கேபினெட் நல்லது. அது முடியாவிட்டால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி உதவும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ படம் எடுத்துத் திரும்பிய அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ட்ரைபாட் கால்களைக் கழற்றி மணலைக் கழுவுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

ஆனால் மாணவர் நிலையங்களை மூடவைப்பது கருவிக் கோளாறு அல்ல. ஏப்ரலில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போய்விடுகிறார்கள். கடவுச்சொல் அவர்களில் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. ஜூனில் வருகிறவர்கள் புதுச் சேனல் தொடங்குகிறார்கள். இப்படி மூன்று வருடத்தில் நூறு பேர் பார்க்கும் மூன்று அநாதைச் சேனல்கள் நிற்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மாணவர் தொலைக்காட்சி 1964இல் தொடங்கியது. அறுபது வருடத்தைத் தாண்டியும் மாணவர் கையிலேயே இருக்கிறது. அங்கேயும் மாணவர்கள் சில வருடங்களில் படிப்பை முடித்துப் போகிறவர்கள்தான். ஆகவே கணக்கைக் கல்லூரியின் மின்னஞ்சலில் தொடங்கி, பிராண்ட் கணக்காக்கி, இரண்டு ஆசிரியர், இரண்டு மாணவர் என்று நான்கு பேருக்கு மேலாண்மை உரிமை கொடுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு இயக்குபவர், இரண்டு கேமரா, ஒலி, எழுத்து, தளப் பொறுப்பு, தொகுப்பாளர் என ஏழு பேர் வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மூத்தவர், அவர் பின்னால் நின்று பழகும் ஓர் இளையவர். ஆக பதினான்கு பேர். ஜனவரியிலிருந்து இளையவர் கையில் கொடுத்துவிட்டு மூத்தவர் பின்னால் நிற்க வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் தேர்வு வந்துவிடும்.

வாரம் ஒன்று, அரை மணி, ஒரே நாள், ஒரே நேரம். அதற்கு மேல் முதல் வருடத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். பருவத்துக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சி திட்டமிட்டு, மூன்றைப் பதிந்து கையில் வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். மழையோ, தேர்வோ, உள்ளூர் விடுமுறையோ வந்து ஒரு வாரப் பதிவு கெட்டாலும் நிகழ்ச்சி நிற்காது. வெட்டி ஒட்டும் தொகுப்பு நிகழ்ச்சி நேரத்தை விழுங்கும். சுவிட்சரில் அப்போதைக்கப்போதே வெட்டிப் பதியும் உரையாடல், பதிவு முடிந்த அன்றே தயார். நான்கு வாரத்தில் மூன்று உரையாடல், ஒன்று வெளிப்படப்பிடிப்பு என்று வைத்தால் படிப்பு கெடாது.

எதைக் காட்டுவது என்பதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடல் எச்சரிக்கை. ஒக்கி 2017 நவம்பர் 30 அன்று புயலானபோது ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் ஏற்கெனவே வெகு தொலைவில் இருந்தார்கள். காற்றும் மழையும் இல்லாமலே தெற்கே எங்கோ எழுந்த புயலின் அலை வந்து கரையை ஏறும் கள்ளக்கடலுக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை தருகிறது. இதை உங்கள் நிலையம் சொல்வது நல்லதுதான். ஆனால் பதிவு செய்த நிகழ்ச்சிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். மூன்று நாள் கழித்து மறு ஒளிபரப்பில் பழைய எச்சரிக்கையோ, அதைவிட மோசமாக, 'கடல் அமைதி' என்ற பழைய வாசகமோ வந்தால் ஒருவர் அதை நம்பி வள்ளம் இறக்கிவிடலாம். தனித் துண்டாக, வெளியிட்ட நேரமும் செல்லுபடியாகும் நேரமும் திரையில் எழுதி, காலம் முடிந்ததும் நீக்கிவிடுங்கள். சொந்தமாகக் கணித்து எதையும் சேர்க்க வேண்டாம். தோவாளைப் பூச்சந்தை விலையும் அப்படியே. விடியற்காலை விலையை மாலையில் சொன்னால் 'காலை 6 மணி விலை' என்று எழுதியே ஆக வேண்டும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் மணிக்கு மணி அது மாறும்.

பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். கடலோர ஊர்களின் பேச்சு வேறு, கல்குளம் மலையடிவாரத்துப் பேச்சு வேறு, விளவங்கோட்டில் மலையாளம் கலந்து வரும். ரப்பர் வெட்டுகிறவரிடம் மேடைத் தமிழில் கேள்வி கேட்டால் அவரும் மேடைத் தமிழில் இரண்டு வரி சொல்லி நிறுத்திவிடுவார். அவர் வழக்கிலேயே பேச விடுங்கள். மற்றப் பகுதிக்காரருக்குப் புரியாது என்று தோன்றினால் கீழே இரண்டு வரிக்கு மிகாமல் எழுத்துப் போடுங்கள்.

பேட்டி கொடுப்பவரிடம் சம்மதத்தைக் கேமரா முன்பே வாயால் சொல்ல வைத்துப் பதியுங்கள். எங்கெல்லாம் வரும் என்பதையும் சொல்லுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், வீடு, பள்ளி, உறவினர் முகம் எதுவும் வரக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் சார்ந்த எதையும் ஒளிபரப்பாதீர்கள். திருவிழாக் காட்சியில் பின்னால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூப் உரிமை கோரிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிட்டு, பாட்டு ஓடாத நேரத்தில் தனியாகப் பதிந்த முரசொலியையோ கூட்டத்தின் இரைச்சலையோ போடுங்கள்.

'சமூக' என்ற சொல்லைப் பெயரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கல்லூரி வாசலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு முடிவெடுப்பதில் இடம் வேண்டும். ஆலோசனைக் குழுவில் ஆசிரியர் இருவர், மாணவர் மூவர் என்றால் மீன்பிடி ஊர் ஒன்றிலிருந்து ஒருவர், தோட்டத் தொழிலாளர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் என்று மூன்று பேராவது இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரு ஊரின் பள்ளி மைதானத்திலோ பங்கு மன்றத்திலோ புரொஜெக்டர் வைத்து அந்த ஊரில் எடுத்ததைப் போட்டுக் காட்டுங்கள். யூடியூப் கருத்துப் பெட்டியில் வராத குறைகள் அங்கே நேராக வரும்: ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியது, ஒரு தரப்பை மட்டும் பேச வைத்தது, காட்டக் கூடாத வீட்டைக் காட்டியது. அவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அடுத்த வார நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தில் திருத்தத்தைச் சொல்லுங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு நடுவில் அதை ஒளித்து வைக்காதீர்கள்.